நர்சுகளின் வகுப்பில் படித்த ஜெர்மன்

ஜெர்மனியில் ஒரு காலத்தில் குடும்பப் பத்திரிகைகளில் வாராவாரம் வந்த தொடர்கதைகளைத்தான் என் மனைவி ஆயுசு முழுக்க ஆராய்ச்சி செய்தாள். கல்யாணத்துக்கு முந்தி இதை அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொடர்கதை படிப்பதற்கு டாக்டர் பட்டம் கொடுப்பார்கள் என்றால் எங்கள் அம்மாவுக்கும் சித்திகளுக்கும் ஆளுக்கு ரெண்டு கொடுத்திருக்க வேண்டுமே என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொடுக்கத்தான் வேண்டும், அதைத்தான் எழுதப்போகிறேன் என்றாள். இப்படி ஒரு ஆளை எதைச் சொல்லிக் கிண்டல் செய்வது?

விஷயம் இதுதான். மயிலாப்பூரில் அவள் வளர்ந்த வீட்டில் அவளுடைய அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைப்பாராம். பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற ஜோக்கு, ஊறுகாய் விளம்பரம், பாதிச் சமையல் குறிப்பு எல்லாம் சேர்ந்தே பைண்டாகும். பிறகு அந்தப் புத்தகம் தெருவெல்லாம் சுற்றும். உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், இதே மாதிரி கிழித்துத் தைத்த ஒரு கட்டு அவள் கையில் கிடைத்திருக்கிறது. பின்பக்கத்தில் சோப்பு விளம்பரம். யாரோ ஒரு ஜெர்மன்காரி உட்கார்ந்து தைத்தது. அங்கேயே அழுதுவிட்டேன் என்று சொல்வாள். பெரிய எழுத்தாளர்களை ஆராய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கதையைக் கிழித்துச் சேர்த்தவர்களை யார் ஆராய்வது என்பது அவள் கட்சி.

எனக்கு டி. நகரில் மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தால், அதற்குச் சேர்கிற ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துப் போடுவோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம், அப்பா ஆரம்பித்த கடை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையோடு அவள் வந்தாள். இது பச்சைப் பக்கம் சாய்கிறது, அது நீலப் பக்கம் சாய்கிறது என்று நான் எடுத்துப் போட்ட பிட்டையெல்லாம் தள்ளினாள். கடை மூடும்வரை தள்ளினாள். அடுத்த வாரமும் வந்து தள்ளினாள். அப்புறம் இரண்டு வீட்டிலும் நடந்த கூத்தை எழுதினால் அதுவே ஒரு தொடர்கதை. கடைசியில் எல்லோரும் கத்தி ஓய்ந்து சம்மதித்தார்கள்.

அடையாறில் குடியிருந்தோம். குழந்தை இல்லை. அவள் ஒரு கல்லூரியில் ஜெர்மன் நடத்தினாள். ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. குறிப்புகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, என் கடையிலிருந்து வருகிற காலி லைனிங் பெட்டிகளில் அடுக்குவாள். ஜெர்மன்காரர்கள் இப்படித்தான் வேலை பார்ப்பார்களாம். சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு, பாதி அட்டைகளுக்கு. அவள் படித்த துறையில் வருஷத்துக்கு வருஷம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வேலைக்குப் போக ஊரே ஜெர்மன் படிக்கிறது, ஒரு கதையை உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை என்று புலம்புவாள். எல்லோரும் ரெடிமேட் ரவிக்கைக்கு மாறிவிட்டார்கள், என் பாடும் அதேதான் என்று நான் பதிலுக்குப் புலம்புவேன். அப்படி இரண்டு பேரும் மாறி மாறிப் புலம்பிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி சமயம். காலையில் அட்டை எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே விட்டாள். எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மூளையில் இடது பக்கம் அடைப்பு என்றார்கள். உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள், அதற்குக் கும்பிடு போடத்தான் வேண்டும். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. கண் தெரிந்தது, ஆனால் முகத்தைப் பார்த்து இன்னார் என்று பிடிக்க முடியவில்லை. இனிமேல் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், பக்கத்தில் போய்ப் பேசுங்கள் என்றார் டாக்டர். பேசினேன். நான் பேச ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, இடது கையை நீட்டினாள். குரல் தெரிந்தது. ஆனால் நான் சொன்ன ஒரு வார்த்தையும் அவளுக்கு ஏறவில்லை. தமிழ் அவளுக்கு வெறும் சத்தமாகிவிட்டது.

வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சொந்தக்காரர்கள் வரிசைகட்டி வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிற நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். அவள் திருதிருவென்று விழிப்பாள். வந்தவர்கள் என் பக்கம் திரும்பி, தெரியலையே, பாவம் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ரெண்டு நாள் பொறுத்தேன். மூன்றாவது நாள் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் அதே கேள்வியைக் கேட்டபோது, முதலில் நீங்கள் யார் என்று எனக்குச் சொல்லுங்கள், பத்து வருஷமாகப் பார்த்ததில்லை என்று கேட்டுவிட்டேன். அதோடு பாதிக் கூட்டம் நின்றது.

எனக்குத் தாங்காதது அவள் தமிழ் போனதுதான். அவளிடம் மூன்று தமிழ் இருந்தது. அவள் அம்மா இருந்தவரைக்கும் போனில் ஆத்துல, வந்துண்டு, போயிண்டு. என்னோடு பேசுவது ஒரு தமிழ், அதில் என் ஊர்ப் பேச்சும் கலந்திருக்கும். மாணவர்களோடு ஒன்று. மூன்றும் ஒரே காலையில் போய்விட்டது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இங்கிலீஷும் போயிற்று. யெஸ், நோ மட்டும் வரும், அதையும் மாற்றிச் சொல்வாள்.

பகலில் பார்த்துக்கொள்ள ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவர் கடைக்குப் போன் செய்தார். "சார், அம்மா இன்னாவோ பேசிக்கினு கீது. எனக்கு ஒண்ணும் பிரியல. நீ வா" என்றார். ஆட்டோ பிடித்து ஓடினேன். நிஜம்தான். படுத்தபடி மோட்டுவளையைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். போனில் தோழியோடு பேசும்போது காலமெல்லாம் என் காதில் விழுந்த சத்தம்தான். ஜெர்மன்.

அந்தத் தோழி அவளோடு கூட ஆராய்ச்சி செய்தவர், இப்போது பேராசிரியர். அன்றைக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஜெர்மனில் பேச்சுக் கொடுத்தார். என் மனைவி பதில் சொன்னாள். கேள்வி, பதில், கேள்வி, பதில். நான் வாசற்படியில் நின்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். பிறந்த மொழியை விட்டுவிட்டுப் படித்த மொழி மட்டும் எப்படித் தங்கும் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, ஏன் என்று முழுசாக எங்களுக்கும் தெரியாது என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் கேட்டேன்.

கொஞ்ச நாள் தோழிதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தார். அவள் பேசுவதைக் கேட்டுத் தமிழில் சொல்வார், நான் சொல்வதை ஜெர்மனில் சொல்வார். முதுகு வலிக்கிறது என்று புருஷனிடம் சொல்ல மூன்றாவது மனுஷர் வேண்டியிருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை இருந்ததை அவர்தான் சொன்னார். என் மனைவியின் ஜெர்மன் முழுக்கக் கருத்தரங்கிலும் நூலகத்திலும் வந்தது. சமையலறையில் அவள் ஒரு நாளும் ஜெர்மன் பேசியதில்லை. அதனால் தண்ணீர் வேண்டும் என்றால்கூட, இந்த இடத்தில் ஒரு குவளை நீர் பொருத்தமாக இருக்கும் என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன் என்கிற தினுசில்தான் அவளுக்கு வரும். சொல்லிவிட்டுத் தோழி சிரித்தார், நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

பிறகு தோழிக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. எப்போதோ விண்ணப்பித்தது. போகவில்லை என்றார். இந்தத் துறையில் இருக்கிறதே நாலு பேர், நீங்களும் வீட்டில் உட்கார்ந்தால் அவளே உங்களைத் திட்டுவாள் என்று நான்தான் துரத்தினேன். வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய மேட்சிங் கடைக்காரன் வேறு எப்படித் தெரிவேன்?

அடையாறிலேயே ஒரு மாடியில் ஜெர்மன் வகுப்பு இருந்தது. கடை திறப்பதற்குள் முடிகிற வகுப்பு ஒன்றே ஒன்றுதான், விடியற்காலையில் ஆரம்பிப்பது. அது ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கானது, உங்களுக்குச் சரிப்படாது என்றாள் டீச்சர். சின்னப் பெண். அவளும் ஜெர்மன் இலக்கியத்தில் ஆராய்ச்சி ஆரம்பித்து, உதவித்தொகை நின்றதும் பாதியில் விட்டு இங்கே வந்தவள். இன்னாருடைய வீட்டுக்காரர் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். என் மனைவியின் கட்டுரைகளை அவள் படித்திருந்தாள். டி. நகரில் எத்தனையோ கல்யாணக் கூட்டத்தை மேய்த்திருக்கிறேன், என் பெண்டாட்டிக்காக ஒருத்தர் எழுந்து நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அட்மிஷன் கிடைத்தது.

வகுப்பில் தமிழ்நாட்டுப் பெண்கள் பாதி, மலையாளப் பெண்கள் பாதி. எல்லோருக்கும் நான் அங்கிள். பாடமெல்லாம் ஆஸ்பத்திரிப் பாடம். ஜோடி ஜோடியாக நர்சும் நோயாளியுமாக நடித்துப் பேச வேண்டும். அங்கிளுக்கு வயசாகிவிட்டதால் எப்போதும் அங்கிள்தான் நோயாளி. பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு ஆளாளுக்கு வந்து, "ஹாபன் ஸீ ஷ்மெர்ட்சன்?" என்பார்கள். வலி இருக்கிறதா என்று அர்த்தம். நான் தலைவலி, வயிற்றுவலி, முழங்கால்வலி என்று ஒப்பிக்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா தாய்களா, நோயாளி என் வீட்டில் இருக்கிறாள், நான் நர்சாக வேண்டும், ஒருத்தி வந்து படுங்கள் என்று கத்தினேன். அதற்கப்புறம் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு எனக்கு நோயாளியானார்கள். இந்த வயசில் எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறாது என்றுதான் நினைத்தேன். புடவை நிறம் நூறு நினைவிருக்கிற மண்டைக்கு இதுவும் ஏறியது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வகுப்பு முடிந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய், வலி இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டேன். அவள் தலையைத் திருப்பினாள். முகம் மலர்ந்தது. மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்து, தோளில் கொஞ்சம் இருக்கிறது, மிக்க நன்றி என்றாள். தலையணையைத் தூக்கி வைக்கட்டுமா என்றேன். ஆமாம் என்றாள். தூக்கி வைத்தேன். இதமாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஜுரம் விட்டமாதிரி இருந்தது. மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

அப்புறம் தினமும் காலையில் பேசினோம். தாகமா, பசியா, திரும்பிப் படுக்கிறீர்களா, நன்றாகத் தூங்கினீர்களா. நர்சு பாஷையில் எல்லாமே மரியாதையாகத்தான் வரும். அவளும் மரியாதையாகத்தான் பதில் சொல்வாள். நாளாக ஆக அவளுக்கு என்னிடம் பழக்கம் வந்தது. தன் ஆராய்ச்சியில் வருகிற தொடர்கதைகளை எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அநாதைப் பெண், பெரிய மாளிகை, பூட்டிய அறை. பாதிதான் எனக்குப் பிடிபடும். அலுப்புத் தட்டியதும் "தொடரும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் கடைக்குப் போய் அன்று முழுக்க, அந்தப் பூட்டிய அறையில் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டு ரவிக்கைத் துணியைத் தப்பாக வெட்டுவேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவள் ஆராய்ச்சியை நான் இவ்வளவு உட்கார்ந்து கேட்டதில்லை.

ஒரு நாள் கதையை நிறுத்திவிட்டு, பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எதற்கு என்றேன். என் கணவர் கடையை மூடிவிட்டு வருவார், அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள், அவருக்குப் பொறுமை கிடையாது என்றாள்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. கணவர், கடை, பொறுமை. இது புரியாமல் போயிருக்கக் கூடாதா? இத்தனை நாளும், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம் என்று நினைத்து, அவள் பேசியது வகுப்பு முடித்து வந்த ஒரு ஆண் நர்சிடம். முகம் அவளுக்குப் பிடிபடாது, குரல்தான் ஆள். என் குரலைத் தமிழ்ச் சத்தத்தோடு சேர்த்துத்தான் அவள் வைத்திருந்தாள். நான் கஷ்டப்பட்டு அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு வேறு சத்தத்தில் போய் நின்றிருக்கிறேன். அவள் எப்படி அடையாளம் காண்பாள்?

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அன்றைக்கே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். குனிந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இஷ் பின் இர் மான்" என்றேன். நான்தான் உங்கள் கணவர் என்று அர்த்தம். அவள் முதலில் சிரித்தாள். இல்லை, அவருக்கு ஜெர்மன் தெரியாது, அவர் ரவிக்கைத் துணி விற்கிறார் என்றாள். நான் திரும்பவும் சொன்னேன். கையை உருவிக்கொண்டாள். நான் மூன்றாவது தடவையும் சொன்னதும் நல்ல கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். யாரோ ஒரு ஆம்பிளை கட்டில் பக்கத்தில் நின்று நான் உன் புருஷன் என்றால் எந்தப் பொம்பிளைதான் கத்தமாட்டாள்? குப்பத்து அக்கா ஓடிவந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அவள் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பயத்தை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். என்னைப் பார்த்துப் பயந்தாள்.

தோழிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவளோட ஜெர்மன்ல நாங்க எல்லாம் இருக்கோம். லைப்ரரி இருக்கு, அந்தக் கதைகள் இருக்கு. நீங்க அதுல ஒரு நாளும் இருந்ததில்ல. நீங்க இருந்தது தமிழ்ல."

டாக்டரும் வற்புறுத்தாதீர்கள் என்றார். பயந்தால் இரத்த அழுத்தம் ஏறும், இன்னொரு அடைப்பை அந்த உடம்பு தாங்காது என்றார். எனக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு ஆத்திரம். வகுப்புக்குப் போகாமல் இரண்டு நாள் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். ஆனால் காலையில் அவள் அந்த நர்சைத் தேடினாள். இன்றைக்கு அந்த ஆள் வரவில்லையா, கதை பாதியில் நிற்கிறது என்று குப்பத்து அக்காவிடம் ஜெர்மனில் கேட்டுக்கொண்டிருந்ததைக் கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டேன். மூன்றாவது நாள் உள்ளே போய், நான் வேலைக்கு வந்துவிட்டேன் என்றேன். அன்றைக்கு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. ஜெர்மனில் காலை வணக்கம் சொல்லி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

அப்படித்தான் வழக்கமாயிற்று. காலையில் நான் நர்சு. சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, வாசல் மணியை அடித்து, "என்னட்டி, சாப்ட்டியா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே உள்ளே போனால் புருஷன். "இன்னா சார், காலீல ஒரு வேஷம், சாய்ந்தரம் ஒரு வேஷம்" என்று குப்பத்து அக்கா சிரிப்பார், சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பார். ஆனால் அந்தச் சாயங்கால வேஷத்துக்குக் கிடைத்த வரவேற்பு காலை வேஷத்துக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. என் தமிழ் காதில் விழுந்ததும் இடது கை நீளும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நர்சிடம் மெதுவாக, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுகிறவள், என்னிடம் மடமடவென்று ஜெர்மனில் பொரிந்து தள்ளுவாள். எனக்குப் புரியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவ்வளவு தாராளமாகப் பேசினாள். அந்த வேகத்துக்கு முதலில் எனக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. காலையில் வருகிற நர்சு நல்லவன்தான், ஆனால் அவன் ஜெர்மன் படு மோசம் என்று ஒரு நாள் சொன்னாள். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

அவள் போவதற்குச் சில நாளைக்கு முந்தி, கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம். எதிர் பிளாட் பால்கனியில் அகல் வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தாள். அன்றைக்கு அவசரம் இல்லை, பொரியவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள், நர்சு வகுப்பில் போய்ச் சேர்ந்த யாருக்கும் புரிகிற வாக்கியங்கள். இது குணமாகாது என்று எனக்குத் தெரியும் என்றாள். காலையில் வருகிறவனிடம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், அவன் ஒவ்வொரு நாளும் அவ்வளவு ஆசையாகக் கேட்கிறான் என்றாள். உங்களிடம் சொல்லலாம், உங்களுக்குப் புரியாது என்றாள். அப்புறம், "இஷ் ஹாபெ ஆங்ஸ்ட்" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நோயாளி இப்படிச் சொன்னால் நர்சு கையைப் பிடித்துக்கொண்டு, நான் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அவளுக்கு முழுசாகப் புரியும். புரிந்த மாத்திரத்தில் புருஷன் எழுந்து போய்விடுவான், அந்த இடத்தில் ஒரு நர்சு உட்கார்ந்திருப்பான். அவனிடம் மறைத்ததையெல்லாம் அவன் கேட்டுவிட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்துபோகும். பயம் என்று சொல்லக்கூட அவளுக்கு அப்புறம் ஆள் இருக்காது.

நான் மூஞ்சியை அசைக்கவில்லை. ஒன்றும் புரியாதவன் மாதிரி தலையை ஆட்டினேன். "இன்னைக்குக் கடையில ஒரு அம்மா வந்தாங்கட்டி" என்று தமிழில் ஆரம்பித்தேன். வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு புடவையாம், கொழுந்தியா கல்யாணமாம், எடுத்துப் போட்ட எதுவும் பிடிக்கவில்லையாம் என்று நடக்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டே போனேன். நடுநடுவே குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து சொன்னேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு, மணிக்கட்டை விடாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.